நைட்ரிக் ஆக்சைடு பவுடர் அடைப்பைக் கரைக்குமா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாடி ஏறினால் நெஞ்சில் இறுக்கம் வருகிறது. ஆஞ்சியோ எடுத்ததில் ஓர் இடத்தில் மிதமான அடைப்பு; இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டார்கள். தினசரி மாத்திரைகளோடு, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் 'நைட்ரிக் ஆக்சைடு பவுடர்' என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, இது நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு, மூன்று மாதம் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும், அப்புறம் மாத்திரையே தேவையில்லை என்கிறார். அம்மாவோ பீட்ரூட் ஜூஸே போதும் என்கிறார். எதை நம்புவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவுடர் வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் 'போதும்' என்ற சொல் மட்டும் சரியில்லை. மருந்தியல் வகுப்பில் பல ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தியவன் நான். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் நாளைக்கு வேறொரு டப்பா வரும்போது நீங்களே முடிவெடுக்க முடியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். சிரிப்பூட்டும் வாயு என்று சொல்வார்களே, அது நைட்ரஸ் ஆக்சைடு, இது வேறு. மின்னல் வெட்டும்போது காற்றில் இது உண்டாகிறது, வண்டிப் புகையில் வருகிறது. நகரத்துக் காற்றை மாசுபடுத்தும் பொருள் என்றுதான் நீண்ட காலம் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். இதை நம் உடம்பே, அதுவும் ரத்தக் குழாய்க்குள், ஒவ்வொரு நொடியும் தயாரிக்கிறது என்று 1980-க்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அது தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருந்தமனியைச் சிறு துண்டுகளாக வெட்டி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, எந்த மருந்து அதைச் சுருக்குகிறது, எது தளர்த்துகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள பிராணிக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், அதாவது குழாய்கள் விரியும். ஆனால் அவருடைய தமனித் துண்டில் அதே பொருளைப் போட்டால் துண்டு சுருங்கியது. இந்த முரண்பாடு கால் நூற்றாண்டாக அப்படியே கிடந்தது. 1978-இல் ஒரு நாள் பரிசோதனை வழக்கத்துக்கு மாறாக நடந்தது. துண்டு சுருங்காமல் தளர்ந்தது. எங்கே வித்தியாசம் என்று தேடிப் போனால், வெட்டும் விதத்தில். வழக்கமாக வெட்டும்போது தமனியின் உள்பக்கம் வேறொரு பரப்பில் உரசிவிடும். இந்த முறை உரசவில்லை.

தமனியின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள், நான் உட்படலம் என்றே சொல்கிறேன். உரசினால் அது போய்விடும். அது போனால் தமனிக்குத் தளரத் தெரியாது. ஃபர்ச்காட் இன்னும் ஒரு படி போனார். உட்படலம் இல்லாத ஒரு துண்டின் மேல், உட்படலம் உள்ள இன்னொரு துண்டை முகத்தோடு முகம் வைத்து சாண்ட்விச் மாதிரி சேர்த்தார். இப்போது படலம் இல்லாத துண்டும் தளர்ந்தது. அப்படியானால் உட்படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்து அடுத்த துண்டின் தசையைத் தளர்த்துகிறது. 1980-இல் இதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் ஏழு ஆண்டுகள் ஆனது. காரணம், அது சில நொடிகளில் அழிந்துவிடுகிறது. பிடித்துப் பார்க்க நேரமே கொடுப்பதில்லை. 1986-இல் ஃபர்ச்காட்டும், தனியாக லூயிஸ் இக்னாரோவும் அது நைட்ரிக் ஆக்சைடாகத்தான் இருக்கும் என்றார்கள். 1987-இல் இங்கிலாந்தில் சால்வடார் மொன்காடாவின் குழு அதை அளந்தே காட்டியது. ஃபெரிட் முராட் என்பவரோ 1977-லேயே நைட்ரோகிளிசரின் மருந்து உடம்பில் வேலை செய்வது இந்த வாயுவை வெளியிட்டுத்தான் என்று காட்டியிருந்தார். 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. மொன்காடாவை விட்டது நியாயமில்லை என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம், பரிசு எதற்கு என்பது தெளிவாக வேண்டும். ரத்தக் குழாயின் உட்படலம் ஒரு வாயுவைத் தயாரித்து அடுத்த அடுக்குக்குச் செய்தி அனுப்புகிறது என்ற கண்டுபிடிப்புக்குத்தான் பரிசு. எந்தப் பவுடருக்கும் இல்லை.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வரும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் வைத்து, உட்படலத்திலுள்ள ஒரு நொதி இந்த வாயுவைத் தயாரிக்கிறது. வாயு என்பதால் செல்லின் சுவரைத் தாண்ட அதற்கு வாசல் தேவையில்லை. பக்கத்திலுள்ள மென்தசைக்குள் ஊடுருவி, அங்கே சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருகச் செய்கிறது. அதனால் தசைக்குள் கால்சியம் குறைகிறது, தசை பிடியை விடுகிறது, குழாய் விரிகிறது. இது எப்போதோ அவசரத்துக்கு நடப்பது இல்லை. 1989-இல் லண்டனில் ஆரோக்கியமான ஆட்களின் கைத் தமனிக்குள் இந்த நொதியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். முன்கைக்குப் போகும் ரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் குழாய்கள் திறந்திருப்பது இந்த வாயு இடைவிடாமல் கசிந்துகொண்டிருப்பதால்தான்.

விரிப்பது மட்டுமே அதன் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பைப் பொறுத்தவரை அதன் மற்ற வேலைகள் இன்னும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ரத்தத் தட்டணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கட்டியாகாமல் அது பார்த்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்காமல் தடுக்கிறது. மென்தசை செல்கள் தேவையில்லாமல் பெருகாமலும் வைத்திருக்கிறது. கொழுப்புப் படிவு உருவாகும் பாதையில் உள்ள ஒவ்வொரு படியிலும் இந்த வாயு குறுக்கே நிற்கிறது என்று சொல்லலாம். அது குறைந்தால் குழாய் இறுகும். அதோடு சுவரில் படிவு சேரவும், படிவு வெடித்தால் அதன் மேல் ரத்தம் கட்டவும் இடம் கொடுத்துவிடும்.

இந்த நொதியைத் தட்டி எழுப்புவது எது? ஓடும் ரத்தம். ரத்தம் உரசிக்கொண்டு போகும் இழுவையை உட்படலம் உணர்கிறது. ஓட்டம் கூடினால் வாயுவும் கூடுகிறது. ஆற்றின் நீரோட்டத்தில் புல் ஒரே பக்கம் சாய்வதைப் போல, உட்படலத்தின் செல்கள் ரத்தம் போகும் திசையிலேயே நீண்டு படுத்திருக்கும். ஆனால் குழாய் கிளை பிரியும் இடத்தில் ஓட்டம் சுழித்துத் தடுமாறும். அங்கே செல்களும் தாறுமாறாக இருக்கும், வாயுவும் குறைவாக வரும். கொழுப்புப் படிவு அதிகமாகத் தொடங்குவதும் அந்த இடங்களில்தான். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் முனையை அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே கொலஸ்ட்ரால். இருந்தும் சில இடங்களில் மட்டும் அடைப்பு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி அப்பாவின் நிலைமைக்கு வருவோம். 1986-இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளின் இதயத் தமனிக்குள் நேரடியாக அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனிகள் விரிந்தன. கொழுப்புப் படிவு உள்ள தமனிகள், விரிவதற்குப் பதில் சுருங்கின. ஃபர்ச்காட்டின் உரசிப்போன முயல் தமனி செய்ததையே உயிருள்ள மனிதரின் நோயுற்ற தமனியும் செய்தது. அப்பா மாடி ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில் விரிய வேண்டிய குழாய் விரிய மறுக்கிறது, சில சமயம் இறுகவும் செய்கிறது. ஆஞ்சியோ படத்தில் தெரியும் அடைப்பு பாதிக் கதைதான். படத்தில் தெரியாத மீதிப் பாதி, உட்படலத்தின் சோர்வு.

அந்தச் சோர்வு எப்படி வருகிறது? பல வருடங்களாகக் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அதிக எல்டிஎல் கொலஸ்ட்ரால், உயர் ரத்த அழுத்தம், புகை, வயது. வழிகள் பல, ஆனால் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ஒன்று. இவையெல்லாம் குழாய்ச் சுவரில் சூப்பர்ஆக்சைடு என்ற மூர்க்கமான மூலக்கூறைப் பெருக்குகின்றன. நைட்ரிக் ஆக்சைடு பிறந்த வேகத்திலேயே அது பாய்ந்து பிடித்து, பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாக மாற்றிவிடும். அதைவிட மோசம், நாளடைவில் அந்த நொதியே கெட்டுப்போய், நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக சூப்பர்ஆக்சைடையே தயாரிக்கத் தொடங்கும். காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்குள் தீ வைப்பது போன்ற நிலைமை அது.

பவுடர் ஏன் உதவாது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. 'நைட்ரிக் ஆக்சைடு' என்று விற்கும் டப்பா எதிலும் நைட்ரிக் ஆக்சைடு இருக்க முடியாது. சில நொடியில் அழியும் வாயுவைப் பவுடராக்கி டப்பாவில் அடைக்க முடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அர்ஜினைன், உடம்பில் அர்ஜினைனாக மாறும் சிட்ருலின், அல்லது பீட்ரூட் பொடி. அர்ஜினைனைப் பாருங்கள். நொதிக்கு வேண்டிய அளவைவிடப் பல மடங்கு அர்ஜினைன் நம் செல்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. குறை கச்சாப் பொருளில் இல்லை, இயந்திரத்தில். இயந்திரம் பழுதாகிக் கிடக்கும்போது மூட்டை மூட்டையாகக் கச்சாப் பொருளை இறக்கி என்ன பயன்?

இது வெறும் யூகம் இல்லை. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் 9 கிராம் அர்ஜினைனை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. 153 பேர் கலந்துகொண்டார்கள். தமனியின் விறைப்போ இதயத்தின் பம்பு திறனோ மேம்படவில்லை. அர்ஜினைன் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். எண்ணிக்கை சிறியது, அதனால் அர்ஜினைன்தான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இதய நோயாளி ஒருவருக்கு 'சும்மா குடித்துப் பாருங்கள்' என்று நீட்டும் பொருள் இது இல்லை. இந்த முடிவு தெரிந்த பிறகும் இதய நோயாளிகளின் வீட்டுக்கே கொண்டுபோய் விற்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு ஆபத்து. இந்த வகை டப்பாக்கள் சில, ஆண்மைக்கு நல்லது என்றும் விளம்பரம் செய்யப்படுகின்றன. அப்படி விற்கும் பொருள்களில் சொல்லாமல் கொள்ளாமல் சில்டெனாஃபில், அதாவது வயக்ராவின் மருந்து, கலந்திருப்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்துதான். நைட்ரிக் ஆக்சைடு பெருகச் செய்யும் சைக்ளிக் ஜிஎம்பியை அழியவிடாமல் அது தடுக்கிறது. உங்கள் அப்பா நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை மருந்தான டடாலஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும், நாக்குக்கு அடியில் வைப்பது போன்ற நைட்ரேட் மாத்திரை கூடாது. இதை அப்பாவிடம் பேசக் கூச்சமாக இருக்கும். தெரியாமல் ஒரு விபத்து நடப்பதைவிடக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டுவிடுவது நல்லது. டாக்டரிடம் அப்பா தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஏற்பாடு செய்தாலும் போதும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை, நம் ஊரில் பெரும்பாலும் சார்பிட்ரேட் என்ற பெயரில் கிடைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்தான். இதன் மூத்த அண்ணன் நைட்ரோகிளிசரின். இத்தாலியின் டூரினில் அஸ்கானியோ சோப்ரேரோ 1847-இல் அதைத் தயாரித்து, துளி நாக்கில் வைத்துப் பார்த்தபோதே தலை விண்ணென்று வலித்ததைக் குறித்து வைத்தார். ஆல்ஃபிரட் நோபல் அதை வைத்து டைனமைட் செய்தார். 1879-இல் லண்டனில் வில்லியம் முரல் என்ற மருத்துவர் நெஞ்சுவலிக்கு அதைக் கொடுத்து, குணம் தெரிந்ததை எழுதினார். நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்தது. தன் வெடிமருந்தையே தனக்கு உள்மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இது விதியின் விளையாட்டு இல்லையா என்று 1896-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஒரு கடிதத்தில் எழுதினார்.

இந்த மாத்திரை அடைப்பை விலக்கி வழி விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும்போது முதலில் விரிவது சிரைகள், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். அவை விரிந்தால் ரத்தம் கை கால்களிலும் வயிற்றிலும் கொஞ்சம் தங்கிவிடும். இதயத்துக்கு வந்து சேரும் பாரம் குறையும். பாரம் குறைந்தால் அதன் ஆக்சிஜன் பசியும் குறையும், வலி அடங்கும். இதயத் தமனிகளும் ஓரளவு விரியும், அது கூடுதல் உதவி. அடைப்பு இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். அதனால்தான் மாத்திரையை உட்கார்ந்துகொண்டு வைக்கச் சொல்கிறோம். நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், சோப்ரேரோவுக்கு வந்த அதே தலைவலிதான்.

அப்படியானால் வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் நோய் குணமாகிவிடுமா? அதையும் பார்த்துவிட்டார்கள். 1995-இல் வெளியான ஒரு மாபெரும் ஆய்வில், மாரடைப்பு வந்த 58,050 பேரில் ஒரு பகுதியினருக்கு நைட்ரேட் மாத்திரையை ஒரு மாதம் கொடுத்தார்கள். உயிர் பிழைப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நைட்ரேட் வலியைக் குறைக்கிறது, அதற்கு அது அருமையான மருந்து. ஆனால் உட்படலம் தேவையறிந்து, தேவையான இடத்தில், தேவையான நொடியில் கசியவிடும் வாயுவுக்கு, மொத்தமாக வெளியிலிருந்து கொட்டுவது ஈடாகாது.

கொட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு பழகியும் போய்விடும். டைனமைட் ஆலைத் தொழிலாளர்களுக்கு இது அன்றே தெரியும். திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் தலை பிளக்கும். வாரம் போகப் போகச் சரியாகிவிடும். ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போய் மறுபடி திங்கள் தலைவலி. சிலர் விடுமுறையிலும் பழக்கம் விடாமலிருக்க அந்தப் பொருளைத் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போவார்களாம். நெஞ்சுவலி இருந்த தொழிலாளர்களுக்கோ வேலை நாளில் வலி இருக்காது, விடுமுறையில் வரும். இந்தப் பழக்கத்தைத் தவிர்க்கத்தான் நைட்ரேட் மாத்திரையைக் காலை எட்டு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் என்று எழுதிக் கொடுப்பார்கள். இரவு முழுவதும் மருந்தில்லா இடைவெளி இருக்க வேண்டும். அப்பாவின் சீட்டில் அப்படி இருந்தால், இரவு மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமே என்று வசதிக்காக மாற்றிவிடாதீர்கள்.

இப்போது அம்மாவின் பீட்ரூட். இதில் எனக்கு உண்மையிலேயே ஆர்வம் உண்டு, ஏனென்றால் உடம்பு வைத்திருக்கும் இரண்டாவது வழி இது. பீட்ரூட், கீரைகள், முள்ளங்கி இவற்றில் நைட்ரேட் நிறைய இருக்கிறது. சாப்பிட்ட நைட்ரேட் ரத்தத்தில் கலந்ததும் அதில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து வாய்க்கே திருப்பி அனுப்புகின்றன. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதை விழுங்குகிறோம், வயிற்றின் அமிலத்திலும் பின்பு ரத்தத்திலும் அது நைட்ரிக் ஆக்சைடாகிறது. இந்த வழிக்கு உட்படலத்தின் நொதியே தேவையில்லை. 2008-இல் லண்டனில் ஆரோக்கியமான ஆட்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தபோது மூன்று மணி நேரத்துக்குள் மேல் அழுத்தம் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னபோது அழுத்தம் இறங்கவில்லை. கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் வாயைக் கொப்பளித்தால் அந்த நாக்குப் பாக்டீரியாக்கள் அழிந்து, ரத்த அழுத்தம் இரண்டு மூன்று புள்ளி ஏறுவதையும் பார்த்திருக்கிறார்கள். பல் டாக்டர் சில நாளைக்கு எழுதிக் கொடுத்தால் பயன்படுத்துங்கள், தினசரி வழக்கமாக வேண்டாம்.

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினமும் 250 மில்லி பீட்ரூட் சாறு கொடுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் மேல் அழுத்தம் சராசரியாக ஏழெட்டு புள்ளி குறைந்தது. ஒரு மாத்திரையின் பலனுக்குப் பக்கத்தில் வருகிறது; சாற்றை நிறுத்தியதும் அழுத்தம் பழையபடி ஏறியது. டென்மார்க்கில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்ததில், காய்கறி வழியாக நாளுக்கு 60 மில்லிகிராம் அளவில் நைட்ரேட் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அது ஒரு கப் கீரையில் கிடைத்துவிடும் அளவுதான். கீரை சாப்பிடுபவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார்கள் என்பதால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அழுத்தத்தைக் குறைக்கும், சரி. ஏற்கெனவே வந்த அடைப்பைப் பீட்ரூட் கரைத்ததாக எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஜூஸ் வேண்டாம், பொரியலாகவோ கூட்டாகவோ சாப்பிடட்டும். உண்மையில் நம் முளைக்கீரையும் அரைக்கீரையும் பீட்ரூட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான், நைட்ரேட்டுக்குக் குறைவில்லாதவை. நைட்ரேட் தண்ணீரில் கரையும். நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் அதோடு போய்விடும். கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அப்படியே கடைவது நம் வழக்கம், அது இதற்கும் நல்லதாகவே அமைந்திருக்கிறது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதித்திருந்தால் கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள பொட்டாசியம் தொந்தரவு தரும். பிரஷர் மாத்திரைகள் சிலவும் பொட்டாசியத்தை ஏற்றும். கிரியேட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட்டைக் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தர்பூசணியில் சிட்ருலின் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அதற்காகத் தர்பூசணியை அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை.

பிராணாயாமம் பற்றியும் யாராவது சொல்வார்கள். மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது, வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தால் மூக்கிலிருந்து வரும் அளவு பல மடங்கு கூடுகிறது. இது ஸ்வீடனில் அளந்து காட்டப்பட்ட உண்மை. அந்த வாயு நுரையீரலுக்குப் போகும், அங்கேயே ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்ளும். இதயத் தமனிவரை போய்ச் சேராது. மனம் அமைதியாகிறது என்றால் தாராளமாகச் செய்யட்டும்.

பழுதான இயந்திரத்தைச் சீராக்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். முடியும். ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் இதய நோயாளிகள் பத்து பேரை நான்கு வாரம் தினமும் மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்யவைத்து, இதயத் தமனிக்குள் அதே அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார்கள். முன்பு சுருங்கிய அளவில் ஏறக்குறைய பாதிதான் இப்போது சுருங்கியது. நான்கே வாரம்! ரத்தம் வேகமாக ஓடியது, உட்படலம் அந்த இழுவையை உணர்ந்தது, நொதி விழித்துக்கொண்டது. அடைப்பின் அளவு மாறவில்லை, குழாயின் நடத்தை மாறியது. அப்பா எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு, மெதுவாகத் தொடங்கி, வலி வரும் அளவுக்குக் கீழேயே வைத்து, தினமும் நடக்கட்டும். புகைப்பவராக இருந்தால் அதை விடுவது எல்லாவற்றுக்கும் முதல். வீட்டில் வேறு யாராவது புகைத்தாலும் அப்பாவின் உட்படலம் பாதிக்கப்படும்.

அவர் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு இந்த நொதியையும் பலப்படுத்துகிறது. பிரஷர் மாத்திரைகளில் சில வகைகளும் உட்படலத்துக்கு நல்லது செய்கின்றன. பவுடர்காரர் நிறுத்தச் சொல்லும் மாத்திரைகள்தான் உண்மையில் நைட்ரிக் ஆக்சைடைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. இதை அவரிடமே சொல்லுங்கள்.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை. அந்த நாக்கடி மாத்திரை இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது பீரோவுக்குள் இருக்கும், அப்பா கடைத்தெருவில் இருப்பார். அட்டையிலிருந்து பிரிக்காமல், காலாவதித் தேதியைப் பார்த்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். வலி வந்தால் உடனே உட்கார வேண்டும், ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், மென்று விழுங்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றாலோ, கூடினாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள்; ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், திடீர் வியர்வையாகவோ மூச்சுத்திணறலாகவோ மட்டும் வரலாம். இதை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், பகலில் அப்பாவோடு வீட்டில் இருப்பவர் அவர்தானே.